ஊழியச் சான்று

மொந்தெவிதேயோ, சமூகக் காப்பு அலுவலகம்,
மூன்றாம் மாடி, ஏழாவது கவுண்டர்.
பெயர்: வில்மார் பிதார்தே.
தொழில் என்ற கட்டத்தில்
தடுப்பு நடுக்களம் என்று எழுதியிருந்தேன்.
நிதியா பெர்த்தோலினி
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
அது என்ன வேலை என்றார்.

பந்து வரப்போகிற இடத்தில்
அதற்கு முன்னால் போய் நிற்பது.
வராவிட்டால்?
வராவிட்டால்தான் சரியாக நின்றேன் என்று அர்த்தம்.
அவர் ‘இதர’ என்று குறித்துக்கொண்டார்.

பதினெட்டு வருஷம். பதினோரு கிளப்.
முதுகில் எப்போதும் ஐந்து;
கலாட்ஸில் மட்டும் ஐந்தை வேறொருவன் வைத்திருந்ததால்
ஐம்பத்தைந்து.
பைசாந்தூவில் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பதில்
பாதி மாடு கொடுத்தார்கள்,
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
மழையே பெய்யாத இக்கீக்கேயில்
ஒரு குடை வாங்கினேன்,
ஏனென்று இன்றுவரை தெரியாது.
லார்நாகா விமான நிலையத்தில்
இரண்டு கிலோ மாத்தே இலையை
நாய் மோப்பம் பிடித்து உட்கார்ந்துவிட,
வெந்நீர் வாங்கி
அதிகாரிக்கு எதிரில் உறிஞ்சிக் காட்டினேன்.
அவரும் ஒரு வாய் குடித்துவிட்டு
முகம் சுளித்து முத்திரை குத்தினார்.

கதை போதும், சான்று வேண்டும் என்றார் நிதியா.
யாரிடம் கேட்பது?
குத்தாயிசி கிளப்பின் முதலாளி தலைமறைவு.
மத்தூரினில் எங்கள் மைதானம் இப்போது
பழைய டயர் விற்கும் சந்தை.
கலாட்ஸ் திவாலானபோது
கோல் கம்பங்களைக்கூட ஏலம் விட்டார்களாம்.
இல்லாத கம்பெனி
எந்தக் கையால் கையெழுத்துப் போடும்?

ஐந்து வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்.
சங்கங்கள் எதைத் தொலைத்தாலும்
தண்டனைக் கணக்கைத் தொலைப்பதில்லை போலும்.
நாலு மொழிகளில் நடுவர் அறிக்கைகள்,
மஞ்சள் நூற்று அறுபத்து மூன்று, சிவப்பு ஒன்பது,
ரேஷன் கார்டு சரிபார்ப்பதுபோல்
விரலை வைத்து வாசித்தார்:
நவம்பர் எட்டு, கலாட்ஸ்,
நாற்பத்தோராம் நிமிடம்,
பின்னாலிருந்து காலைத் தட்டியது.

தட்டவில்லை, பந்தைத்தான் எடுத்தேன் என்றேன்
பதினாறு வருஷம் கழித்து.
வாயை மூடுங்கள்,
தட்டியிருந்தால்தான் உங்களுக்குப் பணம் என்றார்.

தட்டினேன்.
சட்டையைப் பிடித்து இழுத்தேன்.
நடுவரின் தாயைப் பற்றி
அவருக்குப் புரியும் மொழியில் தவறுதலாகப் பேசினேன்.
மாதம் மாதமாய் நிரம்பிக்கொண்டே வந்தது படிவம்.

லார்நாகாவில் விரல் நின்றது.
ஜனவரி முதல் மே வரை ஒன்றுமில்லையே,
அங்கே ஆடவில்லையா?

ஆடினேன். பதினேழு ஆட்டம்.
அந்த ஐந்து மாதம்
முழங்கால்கள் நான் சொன்னதைக் கேட்டன.
அடிக்கப்போகிறவனுக்குத் தோன்றும் முன்பே
பந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்தது.
யாரையும் தொடவில்லை.
எதிரணி முன்வரிசைக்காரன் ஒருவன்
எழுபதாம் நிமிடம்
கைகளை விரித்து வானத்தைப் பார்த்தான்,
பந்தை யாரோ ஊரைவிட்டே எடுத்துப் போய்விட்டதுபோல.
ஆட்டம் முடிந்து கைகுலுக்கிய நடுவர்
நீ பாதியில் இறங்கினாயா என்று கேட்டார்.
நிழல் விழும் ஒரே வரிசையில்
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு
மிர்த்தா இருந்தாள், ஏழு மாதம்.

சாட்சி உண்டா?

உண்டு. ரொசாரியோவில்.
வேறொரு வீட்டில்,
வேறொரு குடும்பப் பெயரோடு.
அதை நான் சொல்லவில்லை.
இல்லை என்றேன்.

நிதியா அடிக்கோலை வைத்து
அந்த ஐந்து மாதத்தின் குறுக்கே
நேராக ஒரு கோடு போட்டார்.
முத்திரை விழுந்தது.

படிவத்தை மடிக்காமல் பிடித்தபடி
எவ்வளவு நேரம் நின்றேனோ,
பின்னாலிருந்து ஒரு குரல்:
ஐயா, வழியில் நிற்கிறீர்கள்.

தெரியும் என்றேன்.
ஆனாலும் நகர்ந்தேன்.